நாலு செகண்டுக்குப் பயந்தவள்

புதுச்சேரி நெல்லித்தோப்பில் இஃப்ஃபத் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'இன்வெர்டர் கடை பக்ருதீன் பாய் பொண்ணு' என்று கேட்டுப் பாருங்கள், பெட்டிக்கடைக்காரரே இறங்கி வந்து வழி காட்டுவார். பக்ருதீன் பாய் இறந்து ஆறு வருடமாகிறது. கடை கைமாறி இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதில், உழவர்கரையில் ஒரு கம்பெனியின் தலைமை புரோகிராமராக இருக்கும் பெண்ணுக்கு இன்னமும் அப்பன் கடையின் பெயர்தான் விலாசம். இதில் அவளுக்குக் கோபம் கிடையாது. வரவேண்டிய கோபமெல்லாம் அவளுக்குத் தாமதமாகத்தான் வரும், சந்தோஷமும் அப்படித்தான்.

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு விளக்கி அலுத்துப்போய் அவள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். "கல்யாணத் தரகர் வேலதான் மாமி" என்பாள். அது ஒன்றும் பொய்யில்லை. நோயைக் கொடுக்கும் கிருமியின் உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் போய் உட்காரும் மூலக்கூறு ஒன்று கிடைத்துவிட்டால் புரதம் முடங்கும், கிருமி சாகும், அந்த மூலக்கூறு பிற்பாடு மருந்தாகலாம். லட்சக்கணக்கான மூலக்கூறுகளை ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயுசு போதாது. அதனால் முதலில் கம்ப்யூட்டரில் பெண் பார்க்கும் படலம். ஒவ்வொரு மூலக்கூறையும் திருப்பி, சாய்த்து, மடக்கி, இரண்டாயிரம் விதமாக அந்தப் பள்ளத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு விதத்துக்கும் மார்க் போடுகிறது ஒரு மென்பொருள். அதை எழுதியதும், பிறகு அதை முடிந்தவரை வேகமாக ஓடவைத்ததும்தான் இஃப்ஃபத்தின் பதினைந்து வருட உழைப்பு.

"லட்சம் மாப்பிள்ள பாக்குறா, தனக்கு ஒருத்தன் அமையல" என்று ஒரு நிக்காஹ் பந்தியில் பெரியம்மா முறையுள்ள ஒருத்தி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். பந்தியே சிரித்தது. இஃப்ஃபத்தும் சிரித்தாள். தட்டில் பிரியாணியை மட்டும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அமையாமல் இல்லை. அமைந்தது. அவன் பெயர் ஹாதி.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், போன செப்டம்பரில் உழவர்கரை ஆபீஸுக்கு வந்து இறங்கிய மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பெனி முதலாளி கலைவாணன் அதைச் சென்னையிலிருந்து பத்து நாளுக்கு இரவல் வாங்கி வந்திருந்தார். உள்ளே நாலு கிராஃபிக்ஸ் கார்டுகள். வீடியோ கேம் படங்களுக்காகப் பிறந்த சாமான். ஒரே மாதிரிச் சின்னக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போட்டுத் தள்ளும். யானைக்கால் நோயைக் கொடுக்கும் புழுவின் புரதம் ஒன்றுக்கு ஒரு கோடி மூலக்கூறுகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வடக்கே ஓர் ஆய்வகம் கேட்டிருந்தது. லட்சக்கணக்கில் மூலக்கூறுகளை வரிசையாக ஓடவிடுவதற்கு அவர்கள் தொழிலில் ரன் என்று பெயர். இந்த ரன் ஒழுங்காக முடிந்தால் அடுத்த மூன்று வருடத்துக்குக் கம்பெனிக்கு வேலை உண்டு. முடியாவிட்டால் கலைவாணன் கடையைக் கட்ட வேண்டியதுதான். மனிதர் அதை ஒளிக்கவில்லை. காலையும் மாலையும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் மாலா, ஆபீஸில் கார்டு விஷயத்தில் கெட்டிக்காரி. இரண்டு மாதம் உட்கார்ந்து மென்பொருளின் கணக்குப் பகுதியை முழுக்க அந்தக் கார்டுக்கு ஏற்றபடி மாற்றி எழுதியிருந்தாள். மெஷினை ஏற்பாடு செய்யவே மூன்று நாள் ஓடிவிட்டது. நாலாம் நாள் மதியம் ஆயிரம் மூலக்கூறுகளை ஓடவிட்டு நேரம் பார்த்தார்கள். கலைவாணன் கையில் கால்குலேட்டரோடு நின்றார்.

"ஒரு கோடிக்கு எத்தன நாள் வருது?" என்றார்.

"நாப்பது நாள் சார்" என்றாள் மாலா.

"நம்ம கையில இருக்கறது ஆறு நாள்மா."

அவர் வெளியே போய், சிகரெட்டை விட்டு நாலு வருடமான மனிதர், பெட்டிக்கடை வாசலில் நின்று வாழைப்பழம் தின்றார்.

மாலா திரையை விட்டு நகரவில்லை. அரைமணி நேரத்தில் இஃப்ஃபத்தைக் கூப்பிட்டாள். "அக்கா, இங்க பாருங்க. கார்டு தூங்குது. நூத்துல அஞ்சு பங்கு கூட வேல செய்யல. நம்ம கணக்கு செகண்டுல முடிஞ்சிடுது. முடிஞ்சிட்டு நிக்குது."

"எதுக்கு நிக்குது?" என்று இஃப்ஃபத் கேட்டாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு மூலக்கூற ரெண்டாயிரம் விதமா உக்கார வக்கிறோம் இல்ல? ஒவ்வொரு விதத்துக்கும் மார்க்க டிஸ்க்ல எழுதுது. எழுதிட்டேன்னு டிஸ்க் பதில் சொல்ற வரைக்கும் அடுத்ததத் தொட மாட்டேங்குது. ரெண்டாயிரம் தடவக்கா! இது பழைய ஃபைல். மேல பாருங்க, 'ஹாதி எழுதியது, யாரும் கை வைக்க வேண்டாம்'னு போட்டிருக்கு. யாருக்கா இந்த ஹாதி? கொஞ்சம் அரகொறையோ?"

எந்த மென்பொருளிலும் இப்படி ஒரு மூலை இருக்கும். யார் எழுதியது, ஏன் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. தொட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்று ஒரு பயம் மட்டும் தலைமுறை தலைமுறையாக வரும். கம்பெனியில் சேருகிற ஒவ்வொருவரிடமும் "அந்தப் பக்கம் போவாதீங்க, அது ஹாதி எழுதனது" என்று சொல்லி அந்தப் பயத்தை வளர்த்தவள் இஃப்ஃபத்தான். இத்தனை வருடமாக வந்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் யாரும் கேட்கவில்லை.

"நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டாள். ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஒவ்வொரு மார்க்கையும் டிஸ்க்கில் எழுதச் சொல்லும் அந்த வரியை எழுதியது ஹாதி இல்லை. அவள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு கம்பெனி என்பது பக்ருதீன் பாய் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. கலைவாணன் அந்த அறையை வாடகைக்குப் பிடித்ததே கீழே இன்வெர்டர் கடை இருந்ததால்தான். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் பாதி நாள் கரண்ட் இல்லாத காலம் அது. புதுச்சேரியில் அவ்வளவு மோசமில்லை என்றாலும் தினம் ஒரு தடவையாவது போகும். பாய் இரட்டை பேட்டரி போட்டுக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்: இன்வெர்டர் மெஷினுக்கு மட்டும்தான், மின்விசிறிக்குக் கிடையாது. ஆகவே கரண்ட் போனால் கம்ப்யூட்டர் உள்ளே சுகமாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு வேலை சொல்லும் மனிதர்கள் வெந்துபோய் மொட்டைமாடிக்கு ஏறுவார்கள். கலைவாணன் வாடிக்கையாளர் தேடி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்ததால் மனிதர்கள் என்றால் பெரும்பாலும் இரண்டே பேர்தான்.

ஹாதி சொல்தா வீட்டுப் பிள்ளை. தாத்தா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக, அதாவது சொல்தாவாக, இருந்தவர். வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட், பீரோவில் ஒரு மெடல், வாயில் எப்போதும் அடுத்த வருடம் அங்கே போகிறோம் என்கிற பேச்சு. மற்றவர்கள் முன்னால் இரண்டு பேரும் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள். புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துச் சண்டை வந்தால் அவனுக்கு 'நீ' வந்துவிடும். அந்த 'நீ'க்காகவே அவள் சில தப்புகளைத் திருத்தாமல் விட்டுவைத்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

மொட்டைமாடியில் பார்க்க ஒன்றுமில்லை. கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணி, டிஷ் ஆன்டெனாக்கள். அதற்குள் நின்று அவன் பேசுவான், அவள் கேட்பாள். அரைமணியில் கரண்ட் வந்துவிடும். ஊரே கரண்ட் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த காலத்தில், இன்வெர்டர் கடைக்காரர் மகள் மட்டும் எப்போது போகும் என்று காத்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகும் வேலை விஷயமாகச் செய்தி அனுப்பிக்கொள்வார்கள். வேலை விஷயம் நடுவில் வேறு எங்கோ நழுவும். அவன் ஏதாவது எழுதுவான், அவளுக்குப் பதில் எழுதத் தெரியாமல் விரல் நின்றுவிடும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அவன் கேட்பான்: 'கரண்ட் போச்சா?' 'ஆமா, போச்சு' என்று மறுநாள் சொல்லிவிடுவாள். உண்மையில் பாதி நாள் கரண்ட் போயிருக்காது.

யானைக்கால் நோய்க்கான முதல் வேலை வந்தது அந்த வருடம்தான். ஒரு கல்லூரிப் பேராசிரியர் மூன்று லட்சம் மூலக்கூறுகளின் பட்டியலை ஒரு சிடியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ரன் தொடங்கிய அன்று மத்தியானம் கரண்ட் போனது. மாடியில் ஹாதி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி சொன்னான். "பிரான்ஸ்ல, லியோன்ல வேல கெடச்சிருக்கு. எட்டு வாரத்துக்குள்ள சேரணும். நீயும் வர்றியா? வீட்ல வந்து முறையா கேக்கறேன். அதுக்கு முன்ன ஒன் வாயால தெரிஞ்சிக்கணும்."

அவளுக்கு முப்பத்தொரு வயது. அந்தக் கேள்விக்காக இரண்டு வருடம் காத்திருந்தவள். வாயில் வந்தது இதுதான்: "இந்த ரன் முடியட்டும். சொல்றேன்."

அவன் சிரித்தான். "ரன்னா? எழுதி எழுதி நிக்குதே, அது பன்னண்டு வாரம் ஓடும். எத்தன தடவ சொல்றேன், ஒவ்வொரு தடவையும் எழுதாத. மூலக்கூறு ஒண்ணு முழுசா முடிஞ்சப்புறம் ஒருவாட்டி எழுது. ரெண்டே வாரத்துல முடிஞ்சிடும்."

"நடுவுல கரண்ட் போயிட்டா?"

"போனா ஒரு மூலக்கூறோட கணக்கு போவும். நாலு செகண்ட் வேல. போவட்டுமே."

"ஒண்ணு கூட விடக் கூடாது" என்றாள் அவள்.

அதுதான் அவள் வளர்ந்த விதம். பேட்டரித் தண்ணீரை வாரம் இரண்டு முறை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளை. ஒரு அடி எடுத்து வைக்குமுன் போன அடி பத்திரமாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற குணம். அது மட்டுமில்லை, உண்மையைச் சொல்லிவிடலாம்: பன்னிரண்டு வாரம் அவளுக்குத் தேவையாக இருந்தது. அம்மாவை விட்டு, அறையை விட்டு, மொழி தெரியாத ஊருக்குப் போகப் பயம். வரமாட்டேன் என்று சொல்ல அதைவிடப் பயம். அந்த ஒரு வரியை மாற்றாமல் விட்டால் எதையும் சொல்லாமல் இருக்கலாம். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஏதாவது நடந்து எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று படித்த பெண்ணாக இருந்தும் நம்பினாள்.

ஹாதி அந்த வரியைத் தானே மாற்றியிருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே லாகின்தான். யார் மாற்றினார்கள் என்று எங்கேயும் பதிவாகாது. அவன் மாற்றவில்லை. தினமும் காலையில் வந்ததும் எத்தனை முடிந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பான். முப்பதாயிரம். எழுபதாயிரம். ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பான். அவள் பேட்டரியைப் பார்ப்பாள்.

எட்டு வாரமும் தாண்டி, ஐம்பத்தெட்டாம் நாள் அவன் கிளம்பிப் போனான். ஒன்பதாம் வாரம் டிஸ்க் செத்தது. அறுபத்து மூன்று நாளாக ஒரு நொடி விடாமல் எழுதி எழுதித் தேய்ந்துபோய், இரண்டு லட்சத்து இருபத்தேழாயிரத்துச் சொச்சத்தில் படுத்துவிட்டது. பத்திரமாக இருக்க வேண்டும் என்று எழுதியதெல்லாம் அதோடு போயிற்று. நல்லவேளை, முதல் ஒன்றரை லட்சத்தின் முடிவைப் பேராசிரியர் முன்கூட்டியே வாங்கிப் போயிருந்தார். அது போதும் என்று சொல்லிவிட்டார்.

'டிஸ்க் போச்சு' என்று அவள் லியோனுக்கு எழுதினாள். 'திரும்ப ஆரம்பி' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியை அவள் நூறு தடவை படித்திருப்பாள். திரும்ப ஆரம்பிக்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஹாதிக்குக் காரைக்காலில் பெண் எடுத்தார்கள். அவனுடைய மகள் லமீஸுக்கு இப்போது எட்டு வயது. பெருநாளுக்குப் பெருநாள் வாழ்த்து வரும், குழந்தையின் படத்தோடு. அவளும் வாழ்த்து அனுப்புவாள். ஃபைலின் தலையில் அவன் பெயரைப் போட்டு, யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதியது அவன் கல்யாணச் செய்தி வந்த வாரத்தில். தன் பயத்துக்கு அவன் பெயரை வைத்தாள். அந்தப் பெயரைத் தினமும் ஒரு தடவை கண்ணால் பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம்.

மாலா கூப்பிட்டுக் காட்டிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் நேரே பீரோவைத் திறந்து அடித்தட்டில் துழாவினாள். பேராசிரியரின் சிடி, கூடவே ஒன்றரை லட்சம் முடிவுகளின் நகல், இரண்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. அம்மா ஜஹபர் நிஷா காய்கறிக் கூடையோடு வாசலில் நின்று பார்த்தாள்.

"அது இன்னும் இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா. ஆபீஸுக்கு வேணும்."

"ஒங்கத்தா கேட்டாரு, மவுத்தாவறதுக்கு முன்ன, கடசி நாள்ல. அந்த சொல்தா வூட்டுப் புள்ள கேட்டு வரும்னு நெனச்சேனே, ஏன் வரலன்னு. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

"நான்தாம்மா வர வேணாம்னுட்டேன்."

"வேணாம்னியா?"

"சொல்றேன்னு சொன்னேன்" என்றாள் இஃப்ஃபத். "சொல்லல."

அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையில் ஒரு நிமிடம் கை வைத்திருந்தாள். பிறகு கத்தரிக்காய் நறுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் ஆபீஸில் இஃப்ஃபத் முதலில் செய்த வேலை மாலாவையும் கலைவாணனையும் திரை முன்னால் உட்கார வைத்தது. "இத எழுதனது ஹாதி இல்ல. நான். ஹாதி அப்பவே வேணாம்னாரு. நான்தான் கேக்கல. அவரு பேர மேல போட்டதும் நான்தான்" என்றாள்.

கலைவாணன் பன்னிரண்டு வருடத்தை மனதுக்குள் கூட்டிப் பார்ப்பவர் போல விழித்தார். "ஏம்மா?" என்றார்.

"பயம் சார்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அந்த ஒற்றை அறைக் காலத்தில் அவரும் வந்து போய்க்கொண்டிருந்தவர்தானே. எதையும் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. மாலாவுக்குத்தான் முகம் சிவந்தது. "சாரிக்கா, நேத்து நான் அரகொறைன்னு..." என்று இழுத்தாள்.

"சரியாத்தான் சொன்ன. ஆள்தான் மாறிப்போச்சு" என்றாள் இஃப்ஃபத். மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றது.

அந்த வரியை எடுக்க ஒரு விநாடி போதும். எடுத்த பிறகு சுற்றியுள்ளவற்றைச் சரிசெய்யத்தான் மத்தியானம் வரை ஆனது. மார்க்குகளைக் கார்டின் நினைவிலேயே வைத்துக்கொண்டு, ஆயிரம் மூலக்கூறு முடிந்ததும் ஒரே மூட்டையாக டிஸ்க்குக்கு அனுப்பும்படி மாலா மாற்றினாள். எழுதுகிற வேலை ஒரு பக்கம் நடக்கும்போதே அடுத்த ஆயிரத்தின் கணக்கு மறுபக்கம் ஓடும்படி இஃப்ஃபத் வழிசெய்தாள். இனி கார்டு யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை.

"சரி, அந்த ஒரு கோடிய ஓட உட்டுடலாமா?" என்றார் கலைவாணன்.

"இல்ல சார். வேகமா வந்தா மட்டும் போதாது, மார்க்கு மாறாம வரணும். முன்னாடி சரியா வந்த முடிவோட ஒப்பிட்டுப் பாத்துட்டுதான் ஓட்டணும். எங்கிட்ட பழைய பட்டியல் இருக்கு" என்று இஃப்ஃபத் சிடியை எடுத்தாள். அந்த ஆபீஸில் சிடி போடுகிற கம்ப்யூட்டரைத் தேடவே கால்மணி நேரம் ஆனது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றரை லட்சம் போதும். அவள் மூன்று லட்சத்தையும் போட்டாள். மாலா கவனித்தாள்.

மணி இரண்டு பத்துக்கு ரன் தொடங்கியது. திரையில் எண் ஏறியது. முப்பதாயிரம் தாண்டியபோது அவள் தண்ணீர் குடித்தாள். ஹாதி காலையில் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் ஞாபகம் வந்தது. எழுபதாயிரம் என்று பார்த்துவிட்டு அவன் திரும்பிய முகம் இந்த எழுபதாயிரத்தில் வந்து போனது. அவள் முடிவெடுக்காமல் தவித்த ஒரு முழு வாரம் இப்போது நாலு நிமிடத்தில் கடந்தது. ஒன்றரை லட்சம் வந்ததும் மாலா பழைய முடிவுகளோடு ஒப்பிட்டாள். "ஒரு மார்க்கு கூட மாறலக்கா!" என்று கத்தினாள். கலைவாணன் எழுந்து நின்று கைதட்டினார். இஃப்ஃபத் எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு லட்சத்து இருபத்தேழாயிரம் வந்தது. அங்கேதான் டிஸ்க் செத்தது. அங்கே ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இருபத்தெட்டாயிரம், முப்பதாயிரம் என்று அது பாட்டுக்குப் போனது. அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவுதானா என்று வந்தது. எந்த முடிவுக்காக ஒரு மனிதனைக் காத்திருக்கச் சொன்னாளோ, அந்த முடிவு ஒரு மத்தியானத்தில் வந்து நிற்கப் போகிறது. கேட்டவன்தான் இல்லை. அவன் வேண்டும் என்று இருந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு வேண்டியிருந்தது போலவே, கொஞ்சம் கூடக் குறையாமல்.

மூன்று லட்சம் முடிந்தபோது மணி மூன்று இரண்டு. ஐம்பத்திரண்டு நிமிடம்.

"அப்ப ஒரு கோடி முப்பது மணி நேரம்கூட ஆவாது" என்று கலைவாணன் கால்குலேட்டரைத் தூக்கிக் காட்டினார். கண் கலங்கியிருந்தது மனிதருக்கு.

"ஓட்டிடலாமா அக்கா?" என்றாள் மாலா. "நடுவுல ஏதாவது ஆச்சுன்னா கடைசி ஆயிரம் போவும். பரவால்லியா?"

"போவட்டும்" என்றாள் இஃப்ஃபத்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். லியோனில் இப்போது காலை பதினொன்றரை இருக்கும். அடுத்தவளின் புருஷன், ஒரு குழந்தையின் அப்பா. அவனிடம் கேட்கவோ கொடுக்கவோ அவளிடம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள், ரன் முடிந்ததும் சொல்வதாக. அது முடிந்துவிட்டது என்பதையாவது சொல்ல வேண்டும்.

'பேராசிரியரோட மூணு லட்சம் இன்னிக்கு முடிஞ்சுது' என்று எழுதினாள்.

உடனே பதில் வந்தது. 'அந்த மூணு லட்சமா?'

'அதேதான். நீங்க சொன்ன மாதிரி எழுதறத மாத்தினேன்.'

'எவ்ளோ நேரம் ஆச்சு?'

'அம்பத்திரண்டு நிமிஷம்.'

அந்தப் பக்கம் ஏதோ எழுதப்பட்டது, நின்றது, மறுபடி எழுதப்பட்டது. கீழே தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது நின்று, ஆள் இறங்கி, குழாயை மாட்டும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போன் அதிர்ந்தது.

'நான் நாப்பத்தெட்டாம் நாளே கெளம்பியிருக்கணும். டிக்கெட்ட பத்து நாள் தள்ளிப் போட்டேன். ஒங்கிட்ட சொல்லல.'

அவள் அதைப் படித்தாள். அந்தப் பத்து நாளும் காலையில் அவன் வந்து எண்ணைப் பார்த்தது, அவளைப் பார்த்தது எல்லாம் ஒவ்வொரு நாளாக வந்தது. வரி அவள் கையில் இருந்தது. நாற்பத்தெட்டாம் நாள் மாற்றியிருந்தால்கூடப் போதும், பாக்கியிருந்ததெல்லாம் ஐம்பத்தெட்டுக்குள் முடிந்திருக்கும். அந்த ஐம்பத்தெட்டு நாளில் அத்தா போட்டுக் கொடுத்த பேட்டரி ஒரு முறைகூட அவர்களைக் கைவிடவில்லை. ஊரில் எத்தனையோ தடவை கரண்ட் போனது. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இத்தனை எழுதி வைத்ததும் ஒரு நாளும் உதவவில்லை, உதவ வேண்டிய அவசியமே வரவில்லை. இதை அவள் அப்போதே அறிந்திருந்தாள். தினமும் காலையில் அவனுக்கு முன்னால் வந்து, இரவில் மெஷின் நின்றதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

விரல் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் போயிருக்கும். பின்னால் மாலா ஒரு கோடியைத் தொடங்கிவிட்டாள். மெஷினின் விசிறிகள் வேகமெடுக்கும் சத்தம் கேட்டது.

போன் மறுபடி அதிர்ந்தது.

'கரண்ட் போச்சா?'

இந்தத் தடவை அவள் நாளைக்கு என்று தள்ளிப் போடவில்லை.

'இல்ல ஹாதி' என்று எழுதினாள். 'அப்பவும் பாதி நாள் போவல.'